பாலிஷ் போட்ட வெள்ளி ரூபாய்: வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?

1862 விக்டோரியா வெள்ளி ரூபாய் இரண்டை அருகருகே வையுங்கள். ஒன்று கருத்துப்போய், ஓரங்களில் நீலமும் பழுப்புமாக நிறம் ஏறியிருக்கிறது. இன்னொன்று பளபளவென்று கண்ணைப் பறிக்கிறது. புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர் கை பளபளப்பின் பக்கம்தான் போகும். விவரம் தெரிந்தவர் கருத்த காசுக்குத்தான் கூடுதல் விலை கொடுப்பார்.

காரணம் தெரிய விளக்கடியில் காசைச் சாய்த்துத் திருப்பினால் போதும். அதிகம் புழங்காத, துலக்காத காசில் வெளிச்சம் ஒரு கற்றையாகச் சுற்றி வரும். அச்சின் அழுத்தத்தில் வெள்ளி வெளிப்பக்கமாக நகர்ந்தபோது விழுந்த நுண்ணிய வரிகளின் வேலை அது. விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்த்த காசில் அந்த வரிகள் அழிந்துவிடும். எப்படித் திருப்பினாலும் வெளிச்சம் ஒரே இடத்தில் மொட்டையாக நிற்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு அழுக்கு மிச்சமிருந்து, மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். ராணியின் உடையில் உள்ள பூவேலையும் பெரும்பாலும் மழுங்கியிருக்கும்.

என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரம் பிரிக்கும் நிறுவனங்கள், இப்படி மோசமாகத் துலக்கிய காசுக்கு 70 வரை போகும் அளவுகோலில் எண் தருவதில்லை. ‘டீடெய்ல்ஸ்’ என்று போட்டு, துலக்கியது என்ற குறையையும் எழுதிவிடுவார்கள். கருப்பு நிறமோ குறை இல்லை. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிந்த படலம். அதைத் தேய்த்து எடுக்கும்போது கொஞ்சம் வெள்ளியும் கூடவே போகிறது.

அதற்காகத் துலக்கிய காசையெல்லாம் தூக்கிப் போட வேண்டியதில்லை. 1862 என்ற ஆண்டையே பல வருடங்கள் மாற்றாமல் அடித்தார்கள். பின்பக்கத்தில் மேலும் கீழும் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். உங்களிடம் இல்லாத புள்ளிக் கணக்கு ஒரு பாலிஷ் காசில் இருந்தால் தாராளமாக வையுங்கள். புள்ளியை எண்ணப் பளபளப்பு தடையில்லை. 1939 ரூபாயும் அப்படித்தான். கிடைப்பதே அரிது என்பதால் துலக்கியதாக இருந்தாலும் இடம் கொடுக்கலாம். ஆனால் அந்த ஆண்டில் போலி நிறைய. வாங்குமுன் எடையாவது போட்டுப் பாருங்கள்: 11.66 கிராம் வர வேண்டும்.

1918, 1919 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கு இந்தச் சலுகை எதற்கு? கோடிக்கணக்கில் அடித்தவை. துலக்காத நல்ல காசு இன்றும் கிடைக்கும்போது, தேய்த்த காசு ஆல்பத்தில் இடத்தை அடைப்பதுதான் மிச்சம். அதிலுள்ள சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளியின் விலையை ஒட்டித்தான் அதற்கு மதிப்பு. விற்றுவிட்டு, மேலே கொஞ்சம் போட்டு நல்லதாக ஒன்று வாங்குவதே என் கட்சி.

செம்புக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. 1835 கால் அணாவைப் புளி போட்டு விளக்கியிருந்தால் வெளிறிய சிவப்பாக, தோலுரித்தது போலத் தெரியும். அது வேண்டாம், பழுப்பு நிறம் கெடாத கால் அணாக்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயருமாக வரும் சோழர் காசு வேறு ரகம். மண்ணிலிருந்து வந்ததைச் சுத்தம் செய்யாமல் படிக்கவே முடியாது. கரூர் அமராவதி மணலில் கிடைத்த பழங்காசுகளுக்கும் இதே நியாயம். இங்கே கேட்க வேண்டியது, எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்பதுதான். வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் நீக்கியிருந்தால் கரும்பச்சைப் படலம் அப்படியே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அமிலத்தில் போட்டு எடுத்ததில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். வெளிர்பச்சைத் தூளாக உதிரும் களிம்பு இருந்தால் மட்டும் சேகரிப்பில் சேர்க்காதீர்கள். அது காசையே அரித்துக்கொண்டிருக்கும் நோய். தனியே வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

துலக்கிய வெள்ளிக்கு மறுபடி நிறம் ஏற்றுவதாகச் சொல்லி, அவித்த முட்டையோடு டப்பாவில் அடைப்பவர்கள் உண்டு. கருக்கும்தான், ஆனால் கீறல் அடியில் அப்படியே இருக்கும். அதை விற்கும்போது சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று. வைத்துக்கொள்ள முடிவு செய்த காசை மென்மையான பிவிசி உறையில் மட்டும் போடாதீர்கள். நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பு படியும். காகித உறை போதும். அதன் மேல் ‘துலக்கியது’ என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். பின்னால் அதை வாங்குகிறவருக்கு உதவும்.