டியூப்பா, எல்.சி.டி.யா? பழைய ஆர்கேட் பெட்டிக்கு எந்தத் திரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இப்போது இரண்டு ஆர்கேட் பெட்டிகள், அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டிகள், நிற்கின்றன. ஒன்றில் பழைய பிக்சர் டியூப்பையே பழுது பார்த்து வைத்திருக்கிறேன். மற்றொன்றில் டியூப்பைக் கழற்றிவிட்டு எல்.சி.டி. திரையைப் பொருத்தியிருக்கிறேன். இரண்டும் டவுனில் ஒரே கோப்பிக்கடையின் பின்னறையிலிருந்து ஒரே லாரியில் வந்தவை. சம்பள வாரத்தில் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வரும் பிள்ளைகள், அடுத்த ஆட்டம் தங்களுடையது என்று 20 காசு நாணயத்தைக் கண்ணாடி ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்த பெட்டிகள் அவை. 2000-களின் தொடக்கத்தில் வீடியோ கேம் மையங்கள் மீது அரசின் கெடுபிடி இறுகிய பிறகு, அரிசி மூட்டைகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் இருபது ஆண்டுகளாகக் கிடந்தன. வாங்கிவந்தபோது இரண்டிலும் திரை எரியவில்லை. ஆகவே, ஒரே நோய்க்கு இரண்டு வைத்தியங்களையும் பார்த்துவிடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டியூப் கட்சி. ஆனால் அதற்குக் காரணம், பலரும் சொல்கிற அந்தப் பழைய படத்தின் அழகு அன்று.

அழகைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற ஆட்டங்கள் 384-க்கு 224 புள்ளிகளில் வரையப்பட்டவை. டியூப்பில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து உருவமாகத் தெரியும், எல்.சி.டி.யில் சதுரம் சதுரமாகத் தெரியும். எடையும் மின்சாரமும் எல்.சி.டி.க்குச் சாதகம். டியூப் இருக்கும் பெட்டியை நகர்த்த மூன்று பேர் வேண்டும், எல்.சி.டி. பெட்டியை நானும் என் மகனும் தள்ளிவிடுவோம்.

கைப்பிடியை அசைப்பதற்கும் அது திரையில் தெரிவதற்கும் இடையிலான தாமதம் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் கால ஆட்டப் போர்டுகள் (ஆட்டம் பதிந்த சர்க்யூட் போர்டுகள்) பெரும்பாலும் 15 கிலோஹெர்ட்ஸ் அளவில், அதாவது வினாடிக்குச் சுமார் 15,000 கிடைக்கோடுகளாக, படத்தை அனுப்புகின்றன. இன்றைய எல்.சி.டி. மானிட்டர்களில் பெரும்பாலானவை அதை ஏற்பதில்லை; இடையில் ஒரு மாற்றுப் போர்டை வைத்தால்தான் படம் வரும். ஆர்கேட் பெட்டிக்காரர்கள் அதிகம் வாங்கும் மலிவான ஜி.பி.எஸ். 8200 போர்டைத்தான் நானும் வாங்கினேன். படம் வந்தது; ஆனால் அந்த விலைக்கு வரும் போர்டுகள், வினாடிக்கு 60 முழுப் படங்களாக வருவதை இரண்டு அரைப் படங்களைப் பின்னிச் சேர்ப்பது போலக் கையாள்வதால், வேகமாக நகரும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல் போலக் கிழிகிறது. ஒரு படத்துக்குரிய நேரமே சுமார் 16.7 மில்லிவினாடிதான், மாற்றுப் போர்டும் மானிட்டரும் சேர்ந்து அப்படி இரண்டு மூன்று படங்களின் நேரத்தை விழுங்கினால், எதிரியின் அடியைத் தடுக்க இழுத்த கைப்பிடி காலம் கடந்துதான் போய்ச் சேரும். ஒரே ஆட்டப் போர்டை இரண்டு பெட்டிகளிலும் மாற்றி மாற்றிச் செருகி ஆடிப் பார்த்தபோது எனக்கு இது நன்றாகவே தெரிந்தது. என் மகனுக்குத் தெரியவில்லை. எனவே இதை முடிவான காரணமாக நான் முன்வைக்க மாட்டேன்.

முடிவான காரணம் பராமரிப்பு. இன்னும் துல்லியமாகச் சொன்னால், கெட்டுப்போன பிறகு இந்த ஊரில், இந்தக் கையால், எதைத் திரும்ப எழுப்ப முடியும் என்பது.

எல்.சி.டி. பெட்டி முதல் 14 மாதங்களில் இரண்டு முறை இருண்டது. முதல் முறை, மாலை இடிமழைக்குப் பிறகு மாற்றுப் போர்டு செத்தது. அதற்குச் சர்க்யூட் வரைபடம் கிடைக்கவில்லை. எந்தச் சிப் போனது என்று கண்டுபிடித்தாலும், கடுகளவு கால்கள் கொண்ட அதைக் கழற்றி மாற்றும் கருவி என்னிடம் இல்லை. புதிதாக ஒன்று தருவித்தேன். அதுவரை பெட்டி சும்மா நின்றது. இரண்டாம் முறை மானிட்டரே போனது. இங்கேதான் நான் முன்பு யோசிக்காத சிக்கல் எழுந்தது. அதே மாடல் மானிட்டர் சந்தையில் இல்லை. 4-க்கு 3 விகிதத் திரைகளை இப்போது பழைய அலுவலகச் சரக்குகளில்தான் தேட வேண்டும். ஈப்போவில் கிடைத்த ஒன்று முந்தையதைவிட ஒரு விரற்கடை அகலம், பின்புறத் திருகுத் துளைகளும் வேறு இடத்தில். திரை கெட்டதற்காகத் தச்சு வேலையை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. சட்டத்தை அறுத்து, புதுப் பலகை வைத்து, முன் அட்டையின் விளிம்பையும் மாற்றினேன். அடுத்த மானிட்டர் போகும்போதும் இதே கதைதான். எல்.சி.டி. என்பது ஒரு முறை பொருத்தி மறந்துவிடும் வேலை என்று நினைத்துத்தான் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தேன். அது நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை பெட்டியையே திரும்பக் கட்டும் வேலையாக முடியும் போலிருக்கிறது.

டியூப் பெட்டியின் கதை வேறு. படமே வராமல் இருந்தது. பியூஸையும் ஒரு டிரான்சிஸ்டரையும் மாற்றியதும் வந்தது, ஆனால் மேலும் கீழும் சுருங்கி, ஓரங்களில் அலையடித்தபடி வந்தது. எங்கள் டவுனில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிவி பழுது பார்த்து, இப்போது கடையை மூடிவிட்ட ஒரு பெரியவரிடம் சாசியை, அதாவது டியூப்பை இயக்கும் சர்க்யூட் பகுதியை, கொண்டுபோனேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தம்பி, டிவியில முக்கால்வாசி நோய் கெப்பாசிட்டர் நோய்தான். மொத்தத்தையும் மாத்திடு, அப்புறம் பேசலாம்" என்றார். மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் 27 இருந்தன. 85 டிகிரி தாங்குபவற்றுக்குப் பதிலாக 105 டிகிரி தாங்குபவற்றைப் போடச் சொன்னார். இந்த வெயிலில், மூடிய பெட்டிக்குள், அது சரியான யோசனை. பெரும்பாலானவை ஒரு வெள்ளிக்கும் (ரிங்கிட்) குறைவு. பிறகு டியூப்பின் கழுத்தில் செருகும் சிறு போர்டிலும், டியூப்புக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஃபிளைபேக் டிரான்ஸ்ஃபார்மரின் கால்களிலும் டிரை சோல்டர் (விட்டுப்போன ஈய இணைப்பு) இருப்பதைக் காட்டி, ஈயத்தை உருக்கிப் புதிதாக வைக்கச் சொன்னார். அடுத்த நாள் படம் மூலை வரை நிறைந்து நின்றது.

இதில் நான் கவனித்தது விலையை அன்று. டியூப் சாசியில் நோய்க்கும் அறிகுறிக்கும் தொடர்பு கண்ணுக்குத் தெரிகிறது. படம் ஒரே கிடைக்கோடாக ஒடுங்கினால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் செங்குத்துப் பகுதி. ஒரு நிறம் விட்டு விட்டு மறைந்தால் கழுத்துப் போர்டு. படம் அலையடித்தால் மின் வடிகட்டும் கெப்பாசிட்டர். பாகங்கள் கைக்கு அடங்கும் அளவில் இருக்கின்றன. கெட்டதை மட்டும் மாற்றினால் போதும். மரப்பெட்டியில் ஒரு திருகும் அசைய வேண்டியதில்லை.

ஆனால் டியூப்பின் ஆபத்தை மறைத்து இதைச் சொல்வது நியாயமாகாது. எரியும்போது அதன் நேர்முனையில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னூட்டம் தங்கியிருக்கலாம். காப்புறை போட்ட திருப்புளியை, டியூப்பைச் சுற்றியுள்ள வெறும் பின்னல் கம்பியோடு வயரால் இணைத்து, நேர்முனையை மூடியிருக்கும் ரப்பர் தொப்பிக்கு அடியில் செலுத்தி அதை இறக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். சிறிது நேரம் கழித்து இன்னொரு முறையும் இறக்க வேண்டும். சில சாசிகளுக்கு, வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். வீட்டு மின்சாரத்தில் நேரே செருகினால், சாசியின் உலோகமே ஷாக் அடிக்கும். கழுத்துக் கண்ணாடியைச் சற்று அழுத்திப் பிடித்தாலும் டியூப் போயே போய்விடும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், பின்கதவுக்குப் பூட்டில்லாத டியூப் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாகங்களிலும் ஒரு பலவீனம் உண்டு. கெப்பாசிட்டர் எங்கும் கிடைக்கும்; ஃபிளைபேக் அப்படியல்ல, சாசிக்குச் சாசி மாறும். ஷா ஆலமிலும் செரம்பானிலும் பிக்சர் டியூப் தொழிற்சாலைகளே இயங்கிய நாடு இது; இன்று வீசியெறியப்பட்ட டிவிகளிலிருந்துதான் மாற்று டியூப் தேட வேண்டும். நான் ஒரு முழு மாற்றுச் சாசியைப் பழைய பொருள் கடையில் பார்த்ததும் வாங்கி வைத்துவிட்டேன். அது கிடைக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு துணிவோடு எழுதியிருப்பேனா என்பது சந்தேகமே.

திரைக்குச் சம்பந்தமில்லாத தொல்லைகள் இரண்டு பெட்டிக்கும் பொது. கரையான் அடிப்பலகையை அரிக்கும். பல்லி, கதகதப்பைத் தேடி பவர் சப்ளைக்குள் முட்டையிடும். ஆட்டப் போர்டுக்குப் போகும் 5 வோல்ட் சற்று இறங்கினாலே ஆட்டம் தானாக மறுபடி தொடங்கும்; பலர் போர்டு கெட்டது என்று நினைத்து விற்றுவிடுகிறார்கள். நல்லவேளையாக, ஆட்டப் போர்டையும் பெட்டியையும் இணைக்க 1985-இல் வந்த பொது முறையான ஜாமாவின் 56 முனை இணைப்பு இரண்டு பெட்டியிலும் இருப்பதால், போர்டை மாற்றிப் பார்த்து நோய் எந்தப் பக்கம் என்று ஐந்து நிமிடத்தில் பிரித்துவிட முடிகிறது.

மறுவிற்பனை பற்றி எனக்கு அனுபவம் குறைவு. பெட்டிகளைப் பார்க்க வந்த மூவரும் முதலில் டியூப் இருப்பதைத்தான் விசாரித்தார்கள்; மூன்று பேரை வைத்துச் சந்தையை அளக்க முடியாது. டியூப்பின் மிச்ச ஆயுளும் அப்படித்தான். என்னுடையது இப்போது பிரகாசமாக இருக்கிறது, ஆனால் நான் அதை ஓட்டியது மூன்று ஆண்டுகள்தான்.

உங்கள் ஊரில் டிவி பழுது பார்க்கத் தெரிந்த ஒருவராவது இருந்து, பெட்டியில் டியூப் விரிசலின்றி இருந்தால், படம் வரவில்லை என்பதற்காக அதைக் கழற்ற வேண்டாம். முதலில் கெப்பாசிட்டர்களை மாற்றிப் பாருங்கள். டியூப் ஏற்கெனவே உடைந்திருந்தாலோ, கழுத்துக்குள் காற்று புகுந்து உள்ளே வெள்ளை படிந்திருந்தாலோ எல்.சி.டி.க்குப் போகலாம். அப்போது ஒரே மாடல் மானிட்டர் இரண்டாக வாங்கி, ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் வையுங்கள். சட்டத்தை ஒரு முறை மட்டும் அறுத்தால் போதும்.