மூன்று சுழி பிழைக்குமா? குறுகிய எழுத்துருவில் அனேக் தமிழும் நோட்டோவும்

அக்கா வீட்டில் தயாரித்து விற்கும் ஊறுகாய்க்கு லேபிள் செய்து கொடுத்தேன். அகலம் 45 மில்லிமீட்டர்தான். சேர்பொருள்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடக்க வேண்டும். குறுகிய எழுத்துரு இல்லாமல் அது நடக்காது.

வழக்கமான எழுத்துருவை மென்பொருளில் 75 சதவீதத்துக்கு நசுக்கும் வழியை முதலிலேயே தள்ளிவிடலாம். அப்படி நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலிந்துபோகும், படுக்கும் கோடுகள் பழைய தடிமனிலேயே நிற்கும். குறுக்கியே வரையப்பட்ட எழுத்துருவில் கோட்டின் தடிமன் காக்கப்படும், வளைவுகள்தாம் மாறும்.

மிஞ்சியவை இரண்டு: கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ், ஏக் டைப் குழுவின் அனேக் தமிழ். இரண்டும் இலவசம், இரண்டிலும் தடிமனையும் அகலத்தையும் நம் விருப்பப்படி நகர்த்தலாம், இரண்டுக்கும் பொருத்தமான ஆங்கில எழுத்துகள் உண்டு. நோட்டோ 62.5 சதவீதம் வரை குறுகும்; அனேக் 75-இல் நின்றுவிடும், ஆனால் மறுபக்கம் 125 வரை விரியும். அளவுகளை மட்டும் பார்த்தால் நோட்டோதான் பொருத்தம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முடிவை மாற்றியது ‘நல்லெண்ணெய்’ என்ற ஒரு சொல். அதில் மூன்று சுழி ‘ண’ அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. எழுத்தைக் குறுக்கும்போது முதலில் அடிபடுவது சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம். ஸ்டிக்கர் தாளில் மை சற்றே பரவினாலும் நடுச்சுழி அடைபட்டு, ‘ண’ இரண்டு சுழி ‘ன’வாகத் தெரியும். தமிழில் அது அழகுக் குறை மட்டுமல்ல, எழுத்துப்பிழை. 7 பாயிண்ட்டில் நோட்டோவை 62.5-க்கு இறக்கியபோது எனக்கு இதுதான் நேர்ந்தது. 75-இல் பிழையில்லை, ஆனாலும் சுழிகள் நெருக்கமாகவே இருந்தன.

அனேக் குறுகும்போது வளைவுகள் கேப்ஸ்யூல் மாத்திரையின் வடிவத்தை எடுக்கின்றன: மேலும் கீழும் வளைவு, பக்கங்கள் ஏறக்குறைய நேர்கோடு. ஒரே அகலத்தில் கூர்ந்த நீள்வட்டத்தைவிட இப்படிப்பட்ட கேப்ஸ்யூல் வடிவம் உள்ளே அதிக வெள்ளையைப் பிடித்துவைக்கும். அதே 7 பாயிண்ட்டில், அதே பிரிண்டரில் மூன்று சுழிகளையும் தனித்தனியாக எண்ண முடிந்தது. தடிமனை மட்டும் (சாதாரண எழுத்து 400, தடித்த எழுத்து 700 என்ற அளவுகோலில்) 500-க்கு மேல் ஏற்றக் கூடாது. 700-இல் அனேக்கும் அடைத்துக்கொள்கிறது.

நான் அச்சிட்டது லேசர் பிரிண்டரில், சிறிய அளவில் மட்டுமே. பதாகைக்கோ கைப்பேசித் திரைக்கோ இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். பெரிய தலைப்பில் சுழி அடைபடும் பேச்சே எழாது. அங்கே நோட்டோவின் 62.5 உண்மையிலேயே கைகொடுக்கலாம்.

கடைசியில் அனேக், அகலம் 75, தடிமன் 450, எழுத்திடைவெளி ஒரு நூல் கூடுதலாக வைத்தேன். ‘நல்லெண்ணெய், வெந்தயம், பெருங்காயம்’ ஒரே வரியில் அடங்கிவிட்டது.