ஏற்காட்டு டீச்சரும் பேச வேண்டும்: வாசகர் வட்டம் நேரிலா, இணையத்திலா, இரண்டிலுமா?

சேலத்தில் எங்கள் பகுதி நூலகத்தில் வாசகர் வட்டம் தொடங்கலாம் என்று பேச்செடுத்த முதல் நாளே இரண்டு கட்சி ஆகிவிட்டது. நேரில் கூடினால்தான் வட்டம் என்றார்கள் வயதில் மூத்தவர்கள். செல்போனிலேயே பேசிக்கொண்டால் பஸ்ஸுக்கு அலைய வேண்டாமே என்றார்கள் மற்றவர்கள். இரண்டையும் சேர்த்தே நடத்திவிடலாம் என்று சொன்னது நான். ஒரு வருடத்துக்குள் மூன்றையும் செய்து பார்த்தோம். அப்புறம் நான்காவதாக ஒரு வழி கண்டோம். புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் எங்களைப் போல மாதங்களை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது எளிது, ஆனால் அதில் ஒன்றும் தெரியாது. நான் ஐந்து பேரை மனதில் வைத்துப் பார்க்கிறேன். அம்மாபேட்டையில் பட்டுத்தறி நெய்யும் அண்ணன் ஒருவர். உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டின் மருமகள். ஏற்காட்டுக்கும் அப்பால் நாகலூர்ப் பக்கம் பாடம் நடத்தும் டீச்சர். பெங்களூரில் வேலை பார்க்கும் சேலத்துப் பையன். ஒவ்வொரு முறையிலும் இந்த ஐவரில் யாரால் வாய் திறந்து பேச முடிந்தது? என் கேள்வி இது ஒன்றுதான்.

நேரில் கூடுவது

நூலகத்தில் இடம் கேட்க யாரும் தயங்கத் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது. நாட்டில் விடுதலைக்குப் பிறகு வந்த முதல் நூலகச் சட்டம் அது. அந்தச் சட்டப்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அந்த மேசையும் மின்விசிறியும் நம் காசு. பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற பெயரில் ஒரு குழு ஏற்கெனவே இருக்கும். சில இடங்களில் அது விழா நாட்களில் மட்டும் விழித்துக்கொள்ளும். முதலில் நூலகரிடம் போய் அதைக் கேளுங்கள். இருக்கிற வட்டத்தில் சேர்ந்து அதற்கு மாதம் ஒரு கூட்டம் பிடித்துக் கொடுப்பது, புதிதாக ஒன்று தொடங்கி அவரைத் தர்மசங்கடத்தில் விடுவதைவிட நல்லது.

நேரில் கூடும்போது நடப்பவை வேறெங்கும் நடக்காது. ஒரு நாள் நெசவாளர் வீட்டுக் கதை ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தோம். தறியண்ணன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தீர்ந்து புதுப் பாவு பிணைக்கிற இடம் வந்ததும் கையைத் தூக்கினார். இழை இழையாக எப்படி முறுக்கிச் சேர்ப்பார்கள் என்று காற்றிலேயே விரல்களால் செய்து காட்டினார். "இதைச் செய்யும்போது மனசு வேற எங்கியும் போகக் கூடாதுங்க, கதையில அவன் மனசு போயிடுச்சு, அதான் இழை விட்டுப்போச்சு" என்றார். அந்தக் கதையைப் பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த விமர்சனம் அதுதான். அந்த விரல்களைச் செல்போன் திரையில் பார்த்திருக்க முடியாது. அதைவிட, செல்போன் திரைக்கு முன்னால் அவர் கையைத் தூக்கியே இருக்க மாட்டார்.

அலமாரி பக்கத்திலேயே இருப்பதும் பெரிய வசதி. பேச்சு நடுவில் யாராவது எழுந்து போய் இன்னொரு புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பக்கத்தைப் படிப்பார்கள். அன்றைக்கே இரண்டு பேர் அதை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

சரி, யார் விடுபட்டார்கள்? டீச்சரும், பையனும், பெரும்பாலும் மருமகளும். ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வர வேண்டும். நாகலூரிலிருந்து என்றால் அதற்கு முன்னால் ஒரு பயணம். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் சுற்றுலா வண்டிகள். மே மாதக் கோடை விழாவில் அடிவாரம் வழியாக ஏற, குப்பனூர் வழியாக இறங்க என்று பாதையையே மாற்றிவிடுவார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. ஒன்றரை மணி நேரம் புத்தகம் பேச அவர் ஒரு முழுநாளைச் செலவழிக்க வேண்டும். கேட்பதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஞாயிறு காலை பத்தரை மணி ஆண்களுக்கு ஓய்வு நேரம். மருமகளுக்கு அது சமையல் நேரம். கூட்ட நேரத்தை முடிவு செய்தபோது அந்த மேசையில் பெண்கள் யாரும் இல்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

இணையத்தில் மட்டும்

அடுத்த மூன்று மாதம் கூகுள் மீட்டில். இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம் கிடைக்கும். ஜூமில் 40 நிமிடம்தான். புத்தகப் பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் ஜூம் அறுந்துவிடும், அதனால் மீட். இரவு எட்டரைக்கு வைத்தோம்.

டீச்சர் என்ன அழகாகப் பேசினார்! காப்பித் தோட்டத்துக் கூலி வாழ்க்கை பற்றிய ஒரு நாவலை, நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கினால் வகுப்பில் எந்தெந்தப் பிள்ளைகள் காணாமல் போவார்கள் என்பதோடு சேர்த்துச் சொன்னார். மருமகள் கேமராவை அணைத்துவிட்டு, அடுப்படியிலிருந்து தணிந்த குரலில் பேசினார். நாலே வரிதான், ஆனால் அந்த வீட்டில் அவர் தன் கருத்தைச் சொன்னது அதுவே முதல் தடவையோ என்று தோன்றியது. பையனும் தவறாமல் வந்தான்.

தறியண்ணன் மூன்று மாதமும் மௌனம். ஐயாவுக்கு மியூட் எடுக்க வரவில்லை. பேரன் வீட்டில் இருந்தால் வருவார், இல்லையென்றால் இல்லை. மழை பெய்தால் மலையில் கரண்ட் போகும், டீச்சர் பாதி வாக்கியத்தில் மறைந்துவிடுவார். இன்னொன்றும் கவனித்தேன். நூலகத்தில் நாலு பேர் மட்டும் வந்தாலும் உட்கார்ந்து பேசலாம், அது ஒரு நல்ல மாலையாகவே இருக்கும். திரையில் நாலு பேர் என்றால் யாரும் பேசத் தொடங்க மாட்டேன் என்கிறார்கள். அங்கே மௌனம் சீக்கிரம் கனத்துவிடும். அதனால் இணையக் கூட்டத்துக்குக் கேள்விகளை முன்கூட்டியே தயார் செய்து, பெயர் சொல்லி அழைக்கிற ஒருவர் கட்டாயம் வேண்டும். நேரில் அந்த வேலை தானாகவே நடந்துவிடும்.

லிங்கைப் பொதுவெளியில் போடாதீர்கள். பேச்சைப் பதிவு செய்யவும் வேண்டாம். பதிவாகிறது என்று தெரிந்தால் அந்த அடுப்படிக் குரல் மறுபடி வராது.

ஒரே நேரத்தில் இரண்டும்

இதுதான் என் யோசனை. கேட்பதற்கு எல்லோருக்கும் நியாயமாகத் தெரிந்தது. நூலக மேசையில் மடிக்கணினியை வைத்து மீட்டைத் திறந்து விடுவோம், வருகிறவர்கள் வரட்டும், மற்றவர்கள் திரையில் சேரட்டும்.

முதல் கூட்டத்தில் அறையில் பதினைந்து பேர், திரையில் ஆறு பேர். மடிக்கணினியின் மைக்குக்கு மின்விசிறிச் சத்தம்தான் நன்றாகக் கேட்டது. தூரத்தில் உட்கார்ந்தவர் பேசினால் திரையில் இருப்பவர்களுக்கு முணுமுணுப்பு. அறைக்குள்ளேயே இரண்டு பேர் தங்கள் செல்போனிலும் மீட்டைத் திறந்ததில் எதிரொலி கிளம்பி எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். இதெல்லாம் கருவிக் கோளாறு, சரி செய்துவிடலாம். ஒரு நல்ல ஸ்பீக்கர் மைக், அறையில் ஒரே ஒரு இணைப்பு, மற்ற எல்லாம் மூடல். இரண்டாம் மாதம் அப்படியே செய்தோம். ஒலி தெளிவானது.

ஒலி தெளிவான பிறகும் கோளாறு தீரவில்லை. அறையில் ஒருவர் சிரித்தால் பத்து பேர் சிரிப்பார்கள், ஏன் என்று திரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பேச்சு கைமாறுவது அறையில் கண்ணாலேயே நடக்கும். திரையில் இருப்பவர் இடைவெளி தேடிக்கொண்டே இருப்பார். டீச்சர் இரண்டு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தார். கூட்டம் முழுக்க நாங்கள் அவரிடம் பேசியது ஒரே ஒரு தடவை: "டீச்சர், கேக்குதுங்களா?" அன்று இரவு எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். "வகுப்புக்கு வெளியே நிக்க வெச்ச பிள்ளை மாதிரி இருந்துச்சுங்க." பிள்ளைகளை வெளியே நிறுத்தாத டீச்சர் அவர். இன்றைக்கும் அதை நினைத்தால் மனது வலிக்கிறது, யோசனை என்னுடையது என்பதால் இன்னும் கொஞ்சம்.

மூன்றாம் மாதம் திரையைக் கவனிக்க ஒருவரைப் போட்டோம், திரையில் இருப்பவர்களே முதலில் பேசட்டும் என்றோம். நிலைமை தேறியது. ஆனால் கவனித்துக்கொண்டவர் அந்தக் கூட்டம் முழுக்கக் கணினிக்கு ஆளாகிவிட்டார், புத்தகத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தறியண்ணனோ கணினியைப் பார்த்து மறுபடி ஊமையாகிவிட்டார். வெளியூர் எழுத்தாளர் ஒருவரை இணையத்தில் பேச அழைக்கும் நாளுக்கு இந்த முறை ஏற்றது. அன்றைக்கு எல்லோரும் கேட்பவர்கள்தானே. மாதாந்தரப் பேச்சுக்கு இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வாட்ஸ்அப் குழுவிலேயே பேசிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அறிவிப்புக்குச் சரி. மற்றபடி காலை வணக்கப் படங்களுக்குக் கீழே புத்தகம் புதைந்துபோகும்.

ஒரே புத்தகம், இரண்டு கூட்டம்

இப்போது நாங்கள் செய்வது இது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை நூலகத்தில், கணினி இல்லாமல். நான்காம் புதன் இரவு எட்டரைக்கு மீட்டில், அன்றைக்கு நூலகத்தில் யாரும் கூடுவதில்லை. எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே அளவுச் சதுரத்துக்குள் வருகிறார்கள். அதனால் யாரும் வெளியே நிற்பதில்லை.

அப்படியானால் இரண்டு தனி வட்டங்களாகப் பிரிந்துவிடாதா என்று ஐயா கேட்டார். சரியான கேள்வி. அதற்குத்தான் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினோம். நேரில் கூடும் நாளில் ஒருவர் பேச்சின் சாரத்தை எழுதுவார், பிடிபடாத கேள்வி ஒன்றையும் எழுதுவார். புதன் கூட்டம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கும். புதனன்று வந்த பதில்கள் அடுத்த மாத ஞாயிறு கூட்டத்தில் உரக்கப் படிக்கப்படும். டீச்சரின் இரண்டு பக்கக் குறிப்பை அண்ணன்மார் நடுவே மருமகள் படித்தார், ஏனென்றால் நேரத்தை மாலைக்கு மாற்றியதும் அவரால் வர முடிந்தது. தறியண்ணனிடம் அனுமதி கேட்டு, கூட்டம் முடிந்ததும் அவர் சொன்னதை இரண்டு நிமிடக் குரல்பதிவாக எடுத்தோம். புதனன்று அதைப் போட்டதும் பையன் பதில் சொன்னான். இருவரும் இன்னும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

இதற்கு விலை உண்டு. வேலை இரட்டிப்பு. நடத்துவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவரே இரண்டையும் இழுத்தால் நாலாம் மாதம் சலித்துவிடுவார். அப்படி இரண்டு பேர் கிடைக்காத வட்டம் நேரில் மட்டும் கூடட்டும், ஆனால் நேரத்தைப் பெண்களைக் கேட்டு முடிவு செய்யட்டும்.

புத்தகப் பிரதிகள் இரண்டு கூட்டத்துக்குமே தலைவலி. நூலகத்தில் ஒரு தலைப்பில் ஒன்றிரண்டு பிரதிதான் இருக்கும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டம் (Project Madurai) இணையதளத்திலும் நிறையக் கிடைக்கின்றன. திரையில் படிப்பவர்களுக்கு அது போதும். வாழும் எழுத்தாளரின் நூல் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிக் கைமாற்றிக்கொள்கிறோம். முழு நூலையும் படமெடுத்துக் குழுவில் போடுவதை மட்டும் முதல் நாளே தடுத்துவிட்டோம். அது எழுதியவரின் சோறு.

முதல் மாதத்துக்கு நாவல் எடுக்காதீர்கள். பத்துப் பக்கச் சிறுகதை ஒன்றை அங்கேயே உரக்கப் படித்துவிட்டுப் பேசுங்கள். படிக்காமல் வந்தவர்களுக்கும் இடம் கிடைக்கும்.

கோடை விழாவும் பழம் பறிப்பும் இல்லாத ஒரு மாதம் பார்த்து, இந்த வருடம் நாங்கள் எல்லோரும் ஏற்காடு ஏறப் போகிறோம், நாகலூர் வரைக்கும். தறியண்ணன் ஒரு நாள் தறியை நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். நோட்டு இப்போது டீச்சரிடம் இருக்கிறது. ஊருக்கு வந்தபோது கையோடு எடுத்துப் போனார், ஞாயிற்றுக்குள் யாராவது பஸ்ஸில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்.