குடிதண்ணீரில் மெட்டல் டெஸ்ட் என்று 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள், யாரும் மாட்டிக்காதீங்க

இன்று மதியம் நடந்தது. 8,500 ரூபாய் போய்விட்டது. இன்னொருத்தர் ஏமாறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் சென்னிமலைக்குத் தெற்கே, நொய்யல் ஆற்றை ஒட்டி இருக்கிறது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர் சாயக்கழிவு தேங்கி நிலத்தடித் தண்ணீர் கெட்டுப்போனது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆனாலும் போர் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. உப்பு நாக்கில் தெரிந்துவிடும். ஈயமும் குரோமியமும் நாக்குக்கும் தெரியாது, தண்ணீரில் கரைந்த உப்பை மொத்தமாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டருக்கும் தெரியாது. அதனால்தான் டவுனில் ஒரு தனியார் லேபுக்குப் போனேன்.

கண்ணாடி அறை, வெள்ளைக் கோட்டு எல்லாம் பளிச்சென்று இருந்தது. "நொய்யல் கரைங்களாக்கா? எங்க அம்மா ஊரும் அந்தப் பக்கந்தானுங்க. நானே நின்னு பாத்துத் தர்றேன், கவலையே படாதீங்க" என்றார் அங்கிருந்தவர். அம்மா ஊர் என்றதும் நம்ம ஆள் என்று தோன்றிவிட்டது. மெட்டல் டெஸ்ட் தனி என்று சொல்லி 8,500 கேட்டார். எண்ணிக் கொடுத்தேன். எங்களுக்கு அது ஒரு மாசப் பால் காசு.

ரிப்போர்ட் வாங்கப் போனால், மேசைக்கு அடியில் என் கேன் கிடக்கிறது. மூடியைச் சுற்றி நான் ஒட்டிய பிரவுன் டேப்பும், அதன்மேல் பேனாவால் எழுதிய பெயரும் கலையவே இல்லை. ரிப்போர்ட்டிலோ ஈயம் பி.டி.எல்., காட்மியம் பி.டி.எல்., குரோமியம் பி.டி.எல். மெஷின் கண்டுபிடிக்கிற அளவுக்கும் கீழே என்று அர்த்தமாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 ஈயத்துக்குச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். இவர்கள் மெஷின் எதுவரை கண்டுபிடிக்கும், எந்த முறையில் பார்த்தார்கள், ஒரு வரி கிடையாது.

கேட்டால் "அது ஸ்பேர் கேனுங்கக்கா." நான் கொடுத்ததே ஒரு கேன்தான். அப்புறம் "கோயமுத்தூருக்கு அனுப்பித்தான் பாத்தோம்." பிரிக்காத கேனிலிருந்து எதை அனுப்பினார்கள்? அப்புறம் "சார் வெளியூருங்க, வந்ததும் பேசுங்க." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறிவிட்டது: "ரசீதுல மெட்டல்னு எங்கீங்க இருக்குது?" பார்த்தால் 'நீர் பரிசோதனை' என்று மட்டும் எழுதி 8,500 போட்டிருக்கிறார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன்.

டெஸ்டுக்குக் கொடுப்பவர்கள் ரசீதில் ஒவ்வொரு உலோகத்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள். போர்டில் லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் சின்னம் இருந்தால் மட்டும் போதாது, அந்த லேபின் அங்கீகாரத்தில் குடிநீரில் ஈயம், குரோமியம் பார்ப்பது சேர்ந்திருக்கிறதா என்று என்.ஏ.பி.எல். தளத்திலேயே பாருங்கள். மெட்டல் டெஸ்டுக்கான தண்ணீரில் நைட்ரிக் அமிலம் சேர்த்து வைப்பார்கள். அதைக் கேட்டதும் முழித்தால் கிளம்பிவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரிய லேபிலும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம், உலோகம் எதெது பார்ப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.