பூந்திக்கு வரன் பார்த்துக் கொடுத்தவர்கள்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் நாய் பூந்திக்கு வேறு வீடு தேடிக் கொடுத்த இந்தக் குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். முன்னொரு தடவை யாரோ நல்ல எண்ணத்தில் பெயர், இடம் எல்லாம் போட்டுப் பாராட்டி எழுத, அடுத்த வாரமே அவர்களில் ஒருவர் வீட்டு கேட் வாசலில் அட்டைப்பெட்டியில் நாலு நாய்க்குட்டிகளை வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம். தாம்பரம் பக்கம் நாலைந்து பேர், பகலில் ஐடி வேலை, வீடு மாறுகிறவர்களின் நாய்க்கு வேறு வீடு தேடிக் கொடுப்பது ராத்திரியில். இவ்வளவு சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

எங்கள் கதை இதுதான். மடிப்பாக்கத்தில் தரைத்தள வாடகை வீடு, நான், கணவர், ஐந்து வயது பூந்தி. கீழ்க்கட்டளை டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடைத்த நாட்டு நாய், வெள்ளை உடம்பில் யாரோ பூந்தியைக் கொட்டிவிட்டதுபோல் மஞ்சள் புள்ளிகள், அதனால் அந்தப் பெயர். கணவருக்கு மெல்போர்னில் வேலை கிடைத்தது. "கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே" என்று கேட்காத ஆள் கிடையாது. நானும் அப்படித்தான் நினைத்தேன், விசாரிக்கும்வரை. இந்தியாவிலிருந்து நாயை நேராக ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போக முடியாது. அவர்கள் ஒப்புக்கொண்ட வேறு ஒரு நாட்டுக்கு முதலில் கொண்டு போய், அங்கே மாதக்கணக்கில் யாராவது வைத்திருந்து, ரேபிஸ் ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்து, அப்புறம் மெல்போர்ன் பக்கத்தில் மிக்கல்ஹாம் என்ற ஊரில் இருக்கும் அரசுத் தனிமைக் காப்பகத்தில் விட்டு, அதற்கும் பிறகுதான் வீடு. எங்களுக்கு எந்த நடு நாட்டிலும் ஆள் இல்லை. இடி இடித்தாலே கட்டிலுக்கு அடியில் போகிற நாயை ரெண்டு தடவை சரக்குப் பெட்டியில் ஏற்றி அனுப்ப மனசும் வரவில்லை.

சரி, சொந்தத்தில் யாராவது? பெரியப்பா ஒருவர் ஊத்துக்கோட்டை பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். "கொண்டா, தோப்புக்குக் காவலாச்சு" என்றார். போய்ப் பார்த்தோம். ஏற்கெனவே அங்கே ரெண்டு நாய், ரெண்டும் பகல் முழுக்கச் சங்கிலியில், ஒன்றின் கழுத்தில் சங்கிலி பட்டு முடி போயிருந்தது. காபி குடித்துவிட்டு மாம்பழம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். இன்னொரு உறவினர் (வயதில் பெரியவர், என்ன சொல்ல) "பீச்சாண்ட விட்டுடும்மா, மீன் தின்னு பொழைச்சுக்கும்" என்றார். வளர்த்த நாயை இப்படி விட்டுவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவுப்படி குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஆமாம், ஐம்பது. இன்றைக்கு மயிலாப்பூரில் ஒரு ரவா தோசைக்குக்கூடப் பத்தாது.

இணையத்தில் பழைய பொருள் விற்கிற தளம் ஒன்றில் விளம்பரம் போட்டேன், அதுதான் நான் செய்த பெரிய தப்பு. முதல் நாளே பதினேழு போன். "ஃப்ரீதானே?" "பிரீடு என்ன?" "ஆணா பெண்ணா?" பெண் என்றதும் ஒருவர் குரலே மாறிவிட்டது, நல்லா பார்த்துக்குவேன் மேடம், இன்னைக்கே வண்டி எடுத்துட்டு வர்றேன் என்றார். கருத்தடை ஆனது என்று சொன்னேன். போனை வைத்துவிட்டார். எவ்வளவு சீக்கிரம் எடுத்துப் போகத் தயாராக இருக்கிறார்களோ அவ்வளவு பயப்பட வேண்டும் என்று பிற்பாடு இந்தக் குழுப் பெண் சொன்னபோது எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது.

காப்பகம் பற்றியும் யோசித்தேன். கிண்டியில் ப்ளூ கிராஸ் பல வருஷமாக இருக்கிறது, தெருவில் அடிபட்ட நாய்க்கும் பூனைக்கும் மாட்டுக்கும் சென்னையில் முதலில் ஞாபகம் வரும் இடம் அதுதான். ஆனால் அடிபடாத, நோயில்லாத, ஐந்து வருஷம் சோபாவில் தூங்கிய நாயைக் கொண்டுபோய் அங்கே இடம் கேட்பது நியாயமாகப் படவில்லை. நூற்றுக்கணக்கான நாய்கள் குரைக்கிற இடத்தில் பூந்தி சாப்பிடவே சாப்பிடாது. எங்கள் டாக்டர்தான் இந்தக் குழுவின் எண்ணைக் கொடுத்தார்.

இனி அவர்கள் எப்படி என்று சொல்கிறேன்.

முதல் போன் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். என்னைத்தான் கேள்வி கேட்டார்கள். ஏன் கொடுக்கிறீர்கள், டிக்கெட் போட்டாச்சா, அம்மா வீட்டில் ஏன் விடவில்லை, கடித்திருக்கிறதா, யாரை, எப்போது, ரத்தம் வந்ததா. எனக்குக் கோபமே வந்துவிட்டது. உதவி கேட்டு வந்தால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறதே என்று கணவரிடம் புலம்பினேன். "அக்கா, பொண்ணு வீட்டுக்காரங்களையும் விசாரிக்கணும்ல" என்றாள் போனில் பேசிய பெண். அவர்கள் பேச்சே அப்படித்தான், எல்லாம் கல்யாண பாஷை. புது வீடு என்றால் வரன். தடுப்பூசிப் புத்தகம் ஜாதகம். வீட்டைப் பார்க்கப் போவது பெண் பார்க்கும் படலம். முதலில் சிரிப்பாக இருந்தது, ரெண்டு வாரத்தில் நானும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஜாதகத்தில் மட்டும் அவர்கள் துளிகூட விட்டுக்கொடுப்பதில்லை. ரேபிஸ் ஊசி, வருடாந்திரக் கூட்டுத் தடுப்பூசி இரண்டும் நாள் தவறாமல் போட்டிருக்க வேண்டும். கருத்தடைச் சான்று வேண்டும். அதோடு ரத்தப் பரிசோதனை, குறிப்பாக உண்ணிக் காய்ச்சலுக்கு. சென்னை வெயிலுக்கும் ஈரத்துக்கும் உண்ணிக்குச் சீசனே கிடையாது, வெளியே நன்றாகத் தெரிகிற நாய்க்குள்ளும் அது இருக்கலாம், புது வீட்டுக்குப் போன பத்தாம் நாள் காய்ச்சலில் படுத்தால் "நோய் நாயைத் தள்ளிவிட்டார்கள்" என்று பேச்சு வரும். பூந்திக்கு எதுவும் இல்லை. அரிசி மணி அளவு மைக்ரோசிப் ஒன்றையும் தோளுக்கு நடுவில் போடச் சொன்னார்கள், பதினைந்து இலக்க எண். நாய் புது வீட்டுக்குப் போனதும் அந்த எண்ணுக்கு நேராகப் புது வீட்டுக்காரர்கள் போன் நம்பர் ஏறுகிறதா, மாநகராட்சி உரிமம் அவர்கள் பெயரில் எடுத்தார்களா என்று பார்ப்பதையும் இவர்களே செய்கிறார்கள்.

அடுத்தது அறிமுகக் குறிப்பு. நான் எழுதி அனுப்பியதில் "மிகவும் அன்பானவள், எல்லோருடனும் பழகுவாள்" என்று இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். குறையை முதலில் எழுதுங்கள் அக்கா, நிறையைப் படத்திலேயே பார்த்துக்குவாங்க என்றார்கள். ரெண்டாவது தடவை உண்மையை எழுதினேன்: பட்டாசுக்கும் இடிக்கும் நடுங்கும், கூரியர்காரர் என்றால் ஆகாது, பூனையைக் கண்டால் துரத்தும், தோல் செருப்பாகப் பார்த்துக் கடிக்கும், ரப்பர் செருப்பைத் தொடாது. இந்தச் செருப்பு விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டுத்தான் பூந்தியை எடுத்துக்கொண்டவர்கள் போன் செய்தார்களாம்.

இப்போது அந்த ஒரு நட்சத்திரம் எங்கே போனது என்பதற்கு வருகிறேன். மூன்று வரன் வந்தது. முதல் வீடு அண்ணா நகர், வீட்டைப் பார்க்கப் போனவர்கள் அங்கேயே வேண்டாம் என்று வந்துவிட்டார்கள். நாயை மொட்டைமாடியில்தான் வைப்போம், மேலே ஷீட் போட்டிருக்கிறது என்றார்களாம். சென்னையில் மே மாதம் ஷீட்டுக்கு அடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ரெண்டாவது போரூரில் ஒரு இளம் ஜோடி, ஏழாவது மாடி அடுக்ககம், நல்ல பிள்ளைகள், பூந்தியும் அவர்களிடம் ஒட்டிக்கொண்டது. சோதனைக்கு இரண்டு வாரம் என்று அனுப்பினோம், நாலாம் நாள் ராத்திரி திரும்பி வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து தரையில் வாழ்ந்த நாய், லிஃப்ட் மணி அடிக்கும்போதெல்லாம் குரைத்திருக்கிறது, சிறுநீர் கழிக்க ஏழு மாடி இறங்க வேண்டும் என்பதே அதற்குப் புரியவில்லை. குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அடுக்ககச் சங்கம் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. நம்ம திருவான்மியூரிலேயே பல வருஷம் இருந்த வாரியம்தான். ஆனால் வாடகைக்கு இருக்கிற சின்ன வயசுப் பிள்ளைகள் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு செயலாளரோடு சண்டை போடுவார்களா? அவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. தரைத்தளம் மட்டும்தான் சரிப்படும் என்று நான் படிவத்திலேயே எழுதியிருந்தேன். டிக்கெட் தேதி நெருங்குகிறதே என்று குழுவினர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்த பூந்தி ரெண்டு நாள் என் புடவை முனையை விடாமல் பின்னாலேயே சுற்றியது. அதற்குத்தான் ஒன்று குறைத்தேன்.

மூன்றாவது வில்லிவாக்கம். ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார், அவர் மனைவி, பழைய தனி வீடு, வாசலில் செம்பருத்தி. பதின்மூன்று வருஷம் வளர்த்த நாய் போன வருஷம் இறந்துபோனது. "இன்னமும் குக்கர்ல அரை ஆழாக்கு கூடத்தான் வெக்கறேன், கை அப்படியே பழகிடுச்சு" என்று அந்த அம்மா சொன்னதும் நான் மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். குழுவினர் செய்யவில்லை. கேட் கம்பி இடைவெளியை அளந்தார்கள், காம்பவுண்டைச் சுற்றி வந்தார்கள், பக்கத்து வீட்டில் பூனை உண்டா என்று கேட்டார்கள். அப்புறம் எனக்குக் கேட்கவே கூச்சமான கேள்வியைக் கேட்டார்கள்: "அங்கிள், உங்களுக்கு அறுபத்திரண்டு, இதுக்கு அஞ்சு. நாளைக்கு உங்களால முடியலைன்னா?" சார் கோபிக்கவில்லை. கொளத்தூரில் இருக்கும் மகளுக்கு அங்கேயே போன் போட்டார். அந்தப் பெண்ணும் வந்து ஒப்பந்தத்தில் இரண்டாவது கையெழுத்துப் போட்டாள். அந்த ஒப்பந்தம் முதலில் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது, சார் "எனக்குப் புரியற மாதிரி கொடுங்க" என்று கேட்ட பிறகு தமிழில் எழுதினார்கள். எந்தக் காரணத்துக்காகவும் நாயை வேறு யாருக்கும் தரக்கூடாது, முடியாவிட்டால் குழுவிடமே திருப்பித் தர வேண்டும் என்பதுதான் அதில் முக்கியமான வரி. சென்னையில் இருந்துகொண்டு தமிழ்ப் படிவம் இல்லாமல் இத்தனை நாள் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியவில்லை.

உடனே அனுப்பிவிடலாம் என்றால் தீபாவளி குறுக்கே வந்தது. தீபாவளிக்கு முன்னும் பின்னும் ரெண்டு வாரம் எந்த நாயையும் இடம் மாற்ற மாட்டார்களாம். புது வீட்டில் முதல் வாரம் ஒரு சரவெடி போதும், நாய் கேட்டைத் தாண்டி ஓடிவிடும், வழியும் தெரியாது. எனக்குப் பதற்றம், மூட்டை கட்டுகிற வேலை பாதியில் நிற்கிறது. ஆனால் அவர்கள் அசையவில்லை, அது சரியும்கூட. நடுவில் வீட்டைக் காலி செய்த ஐந்து நாளுக்கு நாய் ஹாஸ்டல் ஒன்றில் விட்டோம், ஒரு நாளுக்கு அறுநூறு ரூபாய், திரும்பும்போது காது மடலில் எட்டு உண்ணி. குழுவுக்கென்று சொந்தமாக இடம் இல்லை, இந்த மாதிரி இடைவெளியை நீங்களேதான் சமாளிக்க வேண்டும்.

ஒப்படைத்த அன்றைக்கு என்னென்ன செய்யச் சொன்னார்கள் என்பது யாருக்காவது உதவலாம். துவைக்காத பழைய பெட்ஷீட் ஒன்றைக் கூடவே கொடுத்தோம். ஒரு வாரத்துக்கு அதே தயிர் சாதம், அதே முட்டை, நேரமும் அதே. தெருவிலேயே இரண்டு வீட்டுக்காரர்களும் சந்தித்து, சேர்ந்து கொஞ்ச தூரம் நடந்து, அப்புறம்தான் வீட்டுக்குள். முதல் இரண்டு வாரம் கழுத்துப்பட்டையில் ஒன்று, உடம்புப்பட்டையில் ஒன்று என்று இரண்டு கயிறு. தப்பித்தால் பழைய வீட்டைத் தேடித்தான் ஓடும் என்பதால் மடிப்பாக்கத்தில் எங்கள் தெரு இஸ்திரிக்காரர், மளிகைக்கடை அண்ணன் இருவரிடமும் சார் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் ஆனால்தான் இது நம் வீடு என்று அதற்குப் படும் என்பது அவர்கள் கணக்கு. அதுவரை போய்ப் பார்க்கக் கூடாது. எனக்கோ மூன்று மாதம் இங்கே இருக்கவே வழியில்லை. வீடியோ காலில்கூட என் குரலைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், வில்லிவாக்கம் அம்மா படம் மட்டும் அனுப்புவார்.

செலவு: என்னிடம் வாங்கியது 2,500 ரூபாய், மூன்று வீடு போய்ப் பார்த்த பெட்ரோலுக்கும் அலைச்சலுக்கும். ரத்தப் பரிசோதனை, சிப், ஊசி எல்லாம் தனி, அது டாக்டரிடம். மொத்தம் ஒன்பது வாரம் ஆனது. வாட்ஸ்அப்பில் பகலில் கேட்டால் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் பதில் வரும், சில நாள் அதுவும் வராது. ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று தடவை கேட்பார்கள், அவர்களுக்குள் குறிப்பு எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது. விமானத்துக்குப் பத்து நாள் வைத்துக்கொண்டு போனால் முகத்துக்கு நேராகவே முடியாது என்பார்கள், குறைந்தது மூன்று மாதம் முன்னாடி பேசுங்கள்.

எண் கேட்டு எனக்கு எழுத வேண்டாம், தரமாட்டேன். உங்கள் நாய்க்கு வழக்கமாக ஊசி போடுகிற டாக்டரிடம் கேளுங்கள், வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் என்றால் அங்கே வரிசையில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், இந்த மாதிரி ஆட்கள் யாரையாவது யாருக்காவது தெரிந்திருக்கும். போன வாரம் அந்த வில்லிவாக்கம் அம்மா அனுப்பிய படத்தில் பூந்தி சாரின் ஈஸிசேருக்கு அடியில் படுத்திருக்கிறது. பக்கத்தில் ஒரே ஒரு தோல் செருப்பு, ஒரு பட்டை இல்லாமல்.