கனமான டெலிஃபோட்டோவும் எடை குறைந்த முக்காலியும்: ஐந்தாண்டு மலைநடை அனுபவம்

தூரத்துக் காட்சியை அருகில் இழுத்துக் காட்டும் டெலிஃபோட்டோ வகையான நிக்கான் 200-500 மி.மீ. லென்ஸின் எடை 2.3 கிலோ. அதை டி500 கேமராவில் பூட்டினால் 3 கிலோவைத் தாண்டிவிடும். இந்தச் சுமையோடு வால்பாறையைச் சுற்றியுள்ள எஸ்டேட் பாதைகளிலும் வனத்துறை அனுமதிக்கும் தடங்களிலும் ஐந்தாண்டுகளாக நடந்து வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு முக்காலி, பின்னர் மூன்று ஆண்டுகளாக வேறொன்று.

முதலாவதை எடையை மட்டும் பார்த்து வாங்கினேன். 1.1 கிலோ எடை, ஐந்து அடுக்குக் கால்கள், மடித்தால் முதுகுப்பைக்குள் அடங்கிவிடும் நீளம். எட்டுக் கிலோ வரை தாங்கும் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தது. தாங்கவும் செய்தது, கேமரா ஒருநாளும் சரியவில்லை. ஆனால் விழாமல் தாங்குவது வேறு, அசையாமல் பிடிப்பது வேறு என்பது வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில் ஒரு மாலை சிங்கவால் குரங்கைப் படமெடுத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மர நிழலில் ஷட்டர் வேகம் 1/60 நொடிக்கு இறங்கியிருந்தது. குரங்கு அசையாமல் அமர்ந்திருந்தும், எடுத்த நாற்பது படங்களில் ஒன்றில்கூட அதன் பிடரிமயிர் இழை இழையாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை விடுதி வாசலில் ஒரு சோதனை செய்தேன். எதிரே இருந்த மைல்கல்லின் எழுத்தை லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சியில்) முழுதாகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, லென்ஸின் முனையை விரலால் ஒருமுறை தட்டிவிட்டு, ஆட்டம் அடங்கும்வரை மனத்துக்குள் எண்ணினேன். உயரம் கூட்டுவதற்காகக் கால்களுக்கு நடுவே இருக்கும் நடுத்தண்டை உயர்த்தியிருந்தபோது ஐந்து நொடி ஆயிற்று. அதை இறக்கியதும் மூன்று நொடி. காலின் கடைசி அடுக்கையும் உள்ளே தள்ளிப் பார்த்தபோது ஒரு நொடிக்குள் எழுத்து நின்றுவிட்டது. சுண்டுவிரல் பருமனேயுள்ள அந்தக் கடைசிக் குழாய்தான் அத்தனை படங்களையும் கெடுத்திருக்கிறது.

குழாயின் சுவர்த் தடிமன் ஒன்றாக இருந்தால், வளையாமல் நிற்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கேற்ப மாறுகிறது (விட்டம் இருமடங்கானால் வலு எட்டு மடங்கு). 13 மி.மீ. குழாயைவிட 22 மி.மீ. குழாய் ஏறத்தாழ ஐந்து மடங்கு விறைப்பானது. தாங்கும் எடை என்று பெட்டியில் போடும் எண்ணுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது என்பதால், அதை வைத்து முடிவெடுப்பதை நான் விட்டுவிட்டேன். இப்போது நான் முதலில் பார்ப்பது கடைசி அடுக்கின் விட்டத்தைத்தான்.

இரண்டாவதாக வாங்கியது லியோஃபோட்டோ எல்எஸ்-324சி என்ற கார்பன் ஃபைபர் முக்காலி. பெயரிலுள்ள எண்ணே அளவைச் சொல்லிவிடுகிறது: மேல்குழாய் 32 மி.மீ., அடுக்குகள் நான்கு. நடுத்தண்டு இல்லாமல் பயன்படுத்துகிறேன். எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். அதாவது பழையதைவிட நானூறு கிராம் கூடுதல். அந்த நானூறு கிராமுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. விட்டுக்கொடுத்தது உயரத்தை. முழுக்க நீட்டினாலும் என் மார்பளவுதான் வரும் என்பதால், குனிந்தோ பாறைமீது அமர்ந்தோதான் படமெடுக்க வேண்டும். முதல் மாதம் முதுகு வலித்தது. பிறகு, அத்திமரத்துக்கு இருவாச்சி வரும்வரை ஒரு மணி நேரம் காத்திருக்கும் இடத்தில் எப்படியும் உட்காரத்தானே போகிறோம் என்று பழகிக்கொண்டேன். கால்களைக் குறைவாக நீட்டுவதால் உறுதியும் கூடுகிறது. மேலே அண்ணாந்து பார்க்கும்போது மட்டும் உயரக்குறை இன்றும் உறுத்தத்தான் செய்கிறது.

லென்ஸை முக்காலியோடு இணைக்கும் தலைப்பகுதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். கனமான லென்ஸைச் சமநிலையில் நிறுத்தி எளிதாகத் திருப்ப உதவும் தலை கிம்பல். முழு கிம்பலான விம்பர்லி டபிள்யூஎச்-200 மட்டும் 1.4 கிலோ இருக்கும். மிக அருமையான கருவி, ஆனால் நாள் முழுதும் ஏறும் பயணத்தில் அதைச் சுமப்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. உருண்டை மூட்டில் திரும்பும் பால் ஹெட்டோ சற்றுத் தளர்த்தியதும் லென்ஸின் எடையால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. ஒருமுறை கட்டைவிரல் நசுங்கியது. இப்போது லென்ஸைப் பக்கவாட்டில் பூட்டும் சிறு கிம்பல் ஒன்றை வைத்திருக்கிறேன். அரை கிலோவுக்குச் சற்றே கூடுதல் எடைதான். பூட்டும்போது இரண்டு கையும் வேண்டும். பூட்டியபின் ஒற்றை விரலால் திருப்பலாம்.

காற்றில் உறுதி கூட முதுகுப்பையை முக்காலியில் தொங்கவிடுவோர், பையின் அடி தரையில் பட்டுக்கொண்டிருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் பை ஊசலாடி, இருந்த ஆட்டத்தைக் கூட்டிவிடும்.

ஜூன் மழைக்குப் பின் முறுக்குப் பூட்டுகளுக்குள் சேற்று மணல் புகுந்து நறநறவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு திருகிக்கொண்டே இருந்தால் மரை தேய்ந்துவிடும். வீடு வந்த அன்றே கால்களைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, ஓரிரவு உலரவிட்டு மாட்டுகிறேன். அரை மணி நேர வேலை.

755 கிராம் எடையுள்ள 300 மி.மீ. எஃப்4 பிஎஃப் போன்ற லென்ஸ் வைத்திருப்போருக்கு 32 மி.மீ. மேல்குழாய் தேவைக்கு மிஞ்சியது; 28 மி.மீ. போதும். எதை வாங்கினாலும் சொந்த லென்ஸைக் கடைக்கே எடுத்துச் சென்று, கால்களை முழுக்க நீட்டி, தெருவுக்கு எதிரேயுள்ள ஒரு பெயர்ப்பலகையை லைவ் வியூவில் பெரிதாக்கித் தட்டிப் பாருங்கள். இரண்டு நொடிக்குமேல் எழுத்து ஆடினால், கடைக்காரரிடம் அடுத்த பருமனைக் கேளுங்கள்.