ரெசிடென்ட் ஈவில் 3 ரீமேக்: முழு விலைக்கு வாங்கும்முன் இதைப் பாருங்கள்

1999-இல் ப்ளேஸ்டேஷனில் வந்த திகில் வீடியோ ஆட்டம் அப்படியே புது மெருகோடு கிடைக்கும் என்று நம்பி, 2020 ஏப்ரலில் வெளியான இந்த ரீமேக்கை இன்றும் பலர் முழு விலைக்கு வாங்குகிறார்கள். வாங்கிய பிறகுதான் எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது.

மூல ஆட்டத்தில் கடிகாரக் கோபுரம் ஒரு தனி உலகம். அறைகள், இசைப்பெட்டிப் புதிர், ரத்தினக் கற்களைக் கடிகாரங்களில் பொருத்தும் புதிர் என்று நிதானமாக நகரும். ரீமேக்கில் கோபுரத்துக்கு வெளியே, நம்மைத் துரத்தும் அரக்கன் நெமிசிஸோடு ஒரு சண்டை, அவ்வளவுதான். உள்ளே கால் வைக்க முடியாது. பூங்கா, அதன் கல்லறைத் தோட்டம், மண்ணைப் பிளந்துகொண்டு வரும் ராட்சதப் புழு எதுவும் இல்லை. ஆபத்தான நேரத்தில் இரண்டில் ஒரு வழியைச் சட்டென்று தேர்ந்தெடுக்க வைக்கும் கட்டங்களும், அதனால் மாறும் முடிவுகளும் போய்விட்டன. கதையை முடித்த பிறகு நேரத்தோடு போட்டி போட்டு ஆடும் மெர்சினரீஸ் மோடும் கிடையாது. அதற்குப் பதிலாகச் சேர்த்துத் தந்த ரெசிஸ்டன்ஸ், நான்கு பேருக்கு எதிராக ஒருவர் ஆடும் ஆன்லைன் ஆட்டம். கூட ஆட ஆள் கிடைக்காவிட்டால் அதனால் பயனில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய இழப்பு நெமிசிஸ்தான். மூலத்தில் அவன் கதவைத் தாண்டியும் பின்னால் வருவான். ஓடுவதா, குண்டைச் செலவழித்து வீழ்த்தி அவன் விட்டுப்போகும் துப்பாக்கி பாகங்களை எடுப்பதா என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும். ரீமேக்கில் துணை மின்நிலையத்தை இயக்கிவிட்டுத் திரும்பும்போது நகர வீதிகளில் கொஞ்ச நேரம் மட்டும் அப்படித் துரத்துகிறான். கையெறி குண்டு வீசியோ, பக்கத்தில் உள்ள மின்பெட்டியைச் சுட்டோ அவனை வீழ்த்தினால் பெட்டி ஒன்று விழும், அதை விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு அவன் வருவதெல்லாம் எழுதி வைத்த காட்சிகளிலும் சண்டைகளிலும்தான். முந்தைய ஆண்டின் ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக்கில் மிஸ்டர் எக்ஸ் என்ற துரத்தும் அரக்கன் காவல் நிலையம் முழுக்க அலைந்ததைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் கசக்கும்.

காசு போவது இங்கேதான். கம்ப்யூட்டர் ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் பணம் திரும்பப் பெற இரண்டு நிபந்தனை: வாங்கி 14 நாட்களுக்குள் கேட்க வேண்டும், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். ஆட்டத்தின் சிறந்த பகுதியான அந்த நகர வீதிகள் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. நிதானமாகச் சுற்றிப் பார்த்தால், ஆட்டம் குறுகத் தொடங்குவது தெரியும்போது கெடு முடிந்திருக்கும். மெனுவில் சும்மா நிறுத்தி வைத்த நேரமும் கணக்கில் ஏறும். முழுக் கதையையே 2 மணி நேரத்தில் முடிப்பதற்கு ஒரு சாதனைப் பதக்கம் உண்டு என்பதிலிருந்து அதன் நீளத்தை நீங்களே ஊகிக்கலாம். வெளித் தளங்களில் மலிவாக வாங்கிய கீ (ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு) என்றால் ஸ்டீம் பணம் தராது. வேறு நாட்டுக்கான கீ நம் கணக்கில் ஏறாமலும் போகலாம்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். 2022 ஜூனில் வந்த ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போலக் காட்டும் வசதி) அப்டேட், ஆட்டத்தை ஓட்டக் கம்ப்யூட்டருக்குத் தேவையான திறனைக் கூட்டிவிட்டது. எதிர்ப்பு வந்த பிறகு பழைய பதிப்பையும் திரும்பத் தந்தார்கள். ஸ்டீம் லைப்ரரியில் ஆட்டத்தை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், பீட்டாஸ் பகுதியில் டிஎக்ஸ்11 நான்-ஆர்டி (dx11_non-rt) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

நாயகி ஜில், அவளுக்குத் துணை நிற்கும் கார்லோஸ் இருவரையும் இதில் மிக நன்றாக எழுதியிருக்கிறார்கள். மருத்துவமனை முற்றுகை அருமை. சரியான நொடியில் விலகும் டாட்ஜும் கையில் பிடிபட்டால் சுகம். ஆக்‌ஷன் ஆட்டமாகப் பெரிய தள்ளுபடியில் வாங்கினால் குறை சொல்ல மாட்டேன். மூலத்துக்கு ஈடா என்றால், இல்லை. அந்த மூலமே 2024 செப்டம்பரில் ஆட்டங்களை விற்கும் ஜிஓஜி தளத்துக்கு வந்துவிட்டது. இன்றைய விண்டோஸிலும் ஓடும். பீரங்கி வண்டி போல நின்ற இடத்தில் திரும்பி நகர வைக்கும் டாங்க் கன்ட்ரோல் முதலில் படுத்தும். கீழ்த்திசையோடு ஓடும் பட்டனையும் அழுத்தினால் ஜில் சட்டென்று பின்னால் திரும்புவாள்; நெமிசிஸ் வரும்முன் அதைப் பழகிக்கொள்ளுங்கள்.